நான்காவது காலின் கணக்கு

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான்கு அடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி வாங்கியிருக்கிறேன். வீடு தாத்தா காலத்தது. கூடத்தில் எங்கே வைத்தாலும் ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க மறுக்கிறது. அடியில் தெர்மாகோல் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். சரியாகுமா? ஒரு பக்கம் சாய்ந்த தொட்டி உடைந்துவிடாதா?"

தெர்மாகோலால் சரியாகாது. ஆனால் சாய்வைக் கண்டு அவ்வளவு பயப்படவும் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு.

முதலில் தரை. நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தரை கோணலாக இருந்தால் கொத்தனாரைத் திட்டிவிடாதீர்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கூடம் அது. ஊற்றிய தண்ணீர் முற்றத்துக்கோ அங்கணத்துக்கோ தானாக ஓட வேண்டும் என்று வாட்டம் வைத்தே பூசியிருப்பார்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் போனால் கதை மாறும். அங்கே கரிசல். அதிலுள்ள மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் மழையில் நீரை இழுத்து உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாமல் போட்ட தரை இடத்துக்கு இடம் வேறு அளவில் ஏறி இறங்கும். முன்னது சீரான சரிவு, பின்னது தாறுமாறான மேடுபள்ளம். தொட்டிக்கு இவை இரண்டும் ஒன்றல்ல.

120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 55 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மட்டும் ஏறத்தாழ 300 லிட்டர், அதாவது 300 கிலோ. கண்ணாடி, மணல், கல், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். முன்பக்கக் கண்ணாடியை மட்டும் தண்ணீர் சுமார் 180 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. இப்போது நீளவாக்கில் 9 மில்லிமீட்டர் சாய்வு இருக்கட்டும். தாழ்ந்த முனையில் ஆழம் 55 செ.மீ.க்குப் பதிலாக 55.45 செ.மீ. ஆகும். அடியில் அழுத்தம் ஒரு சதவீதம்கூட உயரவில்லை. ஒழுங்காகச் செய்த தொட்டி இதைப் பொருட்படுத்தாது. நீர்மட்டக் கோடு சட்டத்துக்கு இணையாக இல்லாமல் கண்ணை உறுத்தும், அவ்வளவுதான்.

உண்மையான எதிரி முறுக்கம். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, ஏனெனில் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது காலுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் கீழே பள்ளம் இருந்தால் காலி ஸ்டாண்டு ஆடும். 400 கிலோ ஏறியதும் ஆட்டம் நின்றுவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நிம்மதி அடைவது அப்போதுதான். ஸ்டாண்டு தன்னையே முறுக்கிக்கொண்டு அந்தக் காலைத் தரையில் ஊன்றியிருக்கிறது. மேலே உட்கார்ந்திருக்கும் தொட்டியும் சேர்ந்து முறுகுகிறது. மூடியைக் கழற்றிய செருப்புப் பெட்டியை இரு கைகளாலும் எதிரெதிராகத் திருகினால் எவ்வளவு எளிதாகக் கோணுகிறது! மேல்புறம் திறந்த எந்தப் பெட்டிக்கும் இந்தப் பலவீனம் உண்டு. அட்டை வளைந்து கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது.

ஏன் கொடுக்காது என்பதை விளக்கியவர் ஆலன் ஆர்னல்டு கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். உலோக உறுப்புகளில் விழும் கீறல்கள் அவற்றின் வலிமையை எப்படிக் குறைக்கின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அதற்கு விடை தேடிக் கண்ணாடியை உடைத்தார். கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு, இழுவிசை அவற்றின் நுனியில் குவிகிறது, ஓர் அளவைத் தாண்டினால் விரிசல் தானாகவே ஓடிவிடுகிறது என்று 1921-இல் வெளியான கட்டுரையில் காட்டினார். "கண்ணாடியை உடைப்பதால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று இன்றைய நிதிக்குழு ஒன்று அவரைக் கேட்டிருக்கும். முறிவு இயக்கவியல் என்ற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது.

சாய்வையும் முறுக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே காற்றுக்குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சுவரில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் நீர் அந்தக் கோட்டிலேயே நிற்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுமுனையைக் கால்கள் வரும் நான்கு இடங்களுக்கும் கொண்டுபோய், தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். எண் பெரிதானால் தரை தாழ்வு.

சுற்றுவரிசையில் 300, 303, 309, 306 மி.மீ. என்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். மோசமான தரை என்று தோன்றும். மூலைவிட்டமாகக் கூட்டுங்கள்: 300-உம் 309-உம் சேர்ந்து 609, 303-உம் 306-உம் சேர்ந்தும் 609. நான்கு கால்களும் அட்டகாசமாக ஊன்றி நிற்கும். இன்னொரு தரையில் 300, 302, 300, 306. பார்வைக்கு முன்னதைவிட நல்ல தரை. கூட்டினால் 600, 608. அந்த 8 மில்லிமீட்டர்தான் ஒரு காலுக்கடியில் தொங்கும் இடைவெளி.

செவ்வகத்தின் இரு மூலைவிட்டங்களும் ஒரே நடுப்புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். தளம் மேடுபள்ளமில்லாமல் தட்டையாக இருந்தால், அது எப்படிச் சாய்ந்திருந்தாலும், நடுப்புள்ளியின் உயரம் எதிரெதிர் முனைகளின் சராசரி. எந்த மூலைவிட்டத்தின் வழியாகக் கணக்கிட்டாலும் அதே உயரம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த நான்கு புள்ளிகளும் ஒரே தளத்தில் இல்லை. ஆயிரக்கணக்கில் விலையுள்ள லேசர் கருவி சொல்லும் செய்தியை இரண்டு கூட்டல்கள் சொல்லிவிடுகின்றன!

இரண்டாவது தரைக்கு மருந்து எளிது. மிக உயர்ந்த இடமான 300-க்கு மற்றவற்றைத் தூக்க வேண்டும்: ஒரு காலுக்கு 2 மி.மீ., இன்னொன்றுக்கு 6 மி.மீ. இரும்புத் தகடோ கெட்டி பிளாஸ்டிக்கோ வைக்கலாம். மடித்த அட்டை நனைந்து நசுங்கிவிடும். தகடு வைப்பது ஸ்டாண்டின் காலுக்கடியில்தான். ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தகடு செருகினால் ஒரே புள்ளியில் பாரம் ஏறி அடிக்கண்ணாடி உடையும். தெர்மாகோலுக்கு உரிய இடம் அந்த நடுப்பகுதி. மணல் பருக்கை, வெல்டிங் பிசிறு போன்ற சின்ன முரட்டுத்தனங்களை அது விழுங்கும். 8 மில்லிமீட்டர் முறுக்கத்தை விழுங்காது.

எங்கே வைப்பது என்பதில் வாஸ்துக்காரர்கள் புகுந்துவிடுகிறார்கள். ஈசானிய மூலையில் தொட்டி இருக்க வேண்டுமாம். அதே வாஸ்து, அந்த மூலைத் தரை தாழ்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது! பணம் வருமோ வராதோ, தகடு செருகும் வேலை நிச்சயம் வரும். திசைகாட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, கீழே என்ன தாங்குகிறது என்று பாருங்கள். பழைய மச்சு வீட்டு மாடியென்றால் சுவரை ஒட்டி, மரக்கட்டைகளுக்குக் குறுக்காக வையுங்கள். 400 கிலோவையும் ஒரே கட்டையின் தலையில் ஏற்றக் கூடாது.

தண்ணீர் விட்ட பிறகு தொட்டியே ரசமட்டம். கால்வாசி நிரப்பியதும், முழுதும் நிரப்பியதும், மறுநாளும் நான்கு மூலைகளில் விளிம்பிலிருந்து நீர் வரை அளந்து அதே மூலைவிட்டக் கூட்டலைப் போடுங்கள். கடையில் ஒட்டும்போதே ஒரு மில்லிமீட்டர் பிசகு இருக்கலாம், ஆகவே கவனிக்க வேண்டியது எண்ணையல்ல, எண் மாறுவதை. கரிசல் மண் வீட்டுக்காரர்கள் கார்த்திகை மழைக்குப் பிறகும் சித்திரை வெயிலிலும் இன்னொரு முறை அளக்கட்டும். மாறியிருந்தால், முக்கால்வாசித் தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் காலுக்கடியில் கை வைக்க வேண்டும்.