கோடையில் பேஸ்மென்ட் ஜன்னலை மூடி வையுங்கள்

கனடாவின் ஸ்காபரோவில், நிலமட்டத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட் வீடுகளைப் பரிசோதிக்கப் போனால் ஜூலை மாதத்தில் தவறாமல் கேட்கும் முறைப்பாடு இது: "நாள் முழுக்க ஜன்னலைத் திறந்துதான் வைக்கிறோம், அப்படியும் பூஞ்சணம் போகவில்லை." திறந்து வைப்பதால்தான் போகவில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. ஊரில் காற்றோட்டம் என்றால் ஜன்னலைத் திறப்பதுதானே!

வெளியே 30 டிகிரி வெயில், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று சுமார் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வியர்த்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் சுவர் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். நீங்கள் ஆசையாக உள்ளே விட்ட காற்றுதான் அலமாரிக்குப் பின்னால் தண்ணீராக நிற்கிறது. கோடையில் ஜன்னலை மூடி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையரை ஓட விடுங்கள். ஈரப்பதமானி 50ஐத் தாண்டாமல் இருக்கட்டும். அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குளிர்காலத்தில் கதை வேறு. மைனஸ் 10 டிகிரிக் காற்று உள்ளே வந்து சூடானால் வறண்டுவிடும். அப்போது பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்தாலே பலன் தெரியும்.

காசு செலவழிக்குமுன் ஒரு சோதனை. வெறும் கான்கிரீட் சுவரில் ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் துளி நின்றால் அது காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நின்றால் மண்ணிலிருந்து ஊறுகிறது. அதற்கு எந்த மின்விசிறியும் மருந்தல்ல. கூரைத் தண்ணீர் அத்திவாரத்தோரம் கொட்டுகிறதா என்று வீட்டுக்காரரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

குளியலறை விசிறி இரைந்தால் வேலை செய்கிறது என்று பொருளில்லை. ஒரு டிஷ்யூத் தாளை அதன் முகத்தில் வையுங்கள், ஒட்டி நிற்க வேண்டும். நின்றாலும் வெளிச்சுவருக்குப் போய்க் காற்று வருகிறதா பாருங்கள். குழாய் வெளியே போகாமல் உட்கூரைக்குள்ளேயே முடிந்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஈரம் முழுவதும் மரத்தில். அடுப்பு விசிறிகளிலும் பல, காற்றை வடிகட்டி அறைக்கே திருப்பி விடுபவை. புட்டு அவித்த ஆவி எங்கும் போகாது.

ஒன்றில் மட்டும் கவனம். பழைய எரிவாயு ஹீட்டர் பக்கத்திலிருக்க, பலமான விசிறியைப் பூட்டினால் புகைபோக்கி வழியே போக வேண்டிய நச்சுப்புகை உள்ளே இழுபடலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத வீட்டில் விசிறி மாற்ற நான் சொல்வதில்லை.