பயணக் கட்டுரை விற்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் பேசுவோம்

பயணப் பக்கங்களுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது பல வருடங்களாக என் பிழைப்பு. புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இந்தப் பயண எழுத்து வகுப்பில் சேரலாமா?" என்றுதான். கூடவே ஒரு விளம்பரத்தையும் அனுப்பியிருப்பார்கள். கடற்கரை, மடியில் லேப்டாப், 'ஊர் சுற்றுங்கள், எழுதுங்கள், சம்பாதியுங்கள்' என்ற வாசகம்.

எல்லா வகுப்பும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டுமுன் நடத்துகிறவரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக அவர் எழுதியது எந்த இதழில், எப்போது வந்தது? பதில் மழுப்பலாக வந்தால் அவருடைய வருமானம் வகுப்பிலிருந்து வருகிறது, எழுத்திலிருந்து அல்ல. 'பிரசுரத்துக்கு உத்தரவாதம்' என்று யாராவது சொன்னால் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். வெளியாள் ஒருவர் எந்த இதழாசிரியர் சார்பிலும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. பெரும்பாலும் அது அவர்களுடைய இணையதளத்திலேயே ஏற்றுவதாகத்தான் முடிகிறது. நுழைவுக் கட்டணம் கேட்கும் போட்டிகளின் விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். பரிசு பெறாத கட்டுரைகளையும் படங்களையும்கூட நடத்துகிறவர்களே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சில போட்டிகளில் எழுதியிருக்கும். இந்தத் தொழிலில் பணம் இதழிலிருந்து எழுதுகிறவருக்கு வர வேண்டும். எதிர்த்திசையில் போனால் ஏதோ கோளாறு.

சரி, எழுத்துக்கு வருவோம். எனக்கு வரும் கட்டுரைகளில் பாதி அலாரம் அடிப்பதில் தொடங்குகிறது. அப்புறம் டாக்சி, விமான நிலையம், பக்கத்து இருக்கைக்காரர், ஓட்டல் அறை. ஊர் வந்து சேருவதற்குள் மூன்று பத்தி தீர்ந்துவிடும். பிறகு 'கண்கொள்ளாக் காட்சி', 'வார்த்தைகளால் வர்ணிக்க முடியாத அழகு'. வர்ணிக்க முடியாதென்றால் சன்மானம் எதற்கு என்று கேட்கத் தோன்றும், கேட்பதில்லை.

'வெனிஸ்: கனவுகளின் நகரம்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு, பாலம், புறாக்கள். எந்த ஆசிரியரிடமும் இது ஏற்கெனவே இருக்கும். அதே ஊருக்குப் போன இன்னொருவர் ஆசிரியருக்கு எழுதி இப்படிக் கேட்கிறார்: "2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில், இரவு தங்காமல் வந்து போகும் பயணிகளிடம் வெனிஸ் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரைதான் கட்டணம். நான்கு மணிக்காகக் காத்திருந்து உள்ளே போகிறவர்கள் யார், வாயிலில் சரிபார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள், உள்ளே குடியிருப்பவர்களுக்குக் கூட்டம் குறைந்ததாகத் தெரிகிறதா என்று எழுதலாமா? 1,200 சொற்கள், என் படங்களோடு." இது ஒரு கட்டுரை. இதில் கேள்வி இருக்கிறது, போய்ப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், இப்போது ஏன் எழுத வேண்டும் என்பதற்குக் காரணமும் இருக்கிறது. ஆசிரியருக்கு அனுப்பும் பிட்ச், அதாவது 'இதை எழுதலாமா?' என்று கேட்கும் கடிதம், இந்த அளவு இருந்தால் போதும். அதற்குக் கீழே நீங்கள் யார், இதுவரை என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று இரண்டு வரி.

குறிப்பெடுப்பதும் இதற்கேற்ப மாறும். சந்தித்தவரின் பெயரை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். நுழைவுச் சீட்டு, கால அட்டவணை, அறிவிப்புப் பலகை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். எப்படிப் போவது, எப்போது திறக்கும் என்பதெல்லாம் கட்டுரையின் உடலுக்குள் வேண்டாம், தனியாகப் பெட்டிச் செய்தியாகக் கொடுங்கள். அனுப்புமுன் அத்தனையையும் மறுபடி சரிபாருங்கள். மூடிக் கிடக்கும் அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கும் வாசகர் உங்களைத் திட்ட மாட்டார், எங்களைத்தான் திட்டுவார்.

பருவம் சார்ந்த கட்டுரை என்றால் மாதக்கணக்கில் முன்கூட்டியே பேச வேண்டும். அச்சு இதழ்களில் கோடைச் சிறப்பிதழ் பனிக்காலத்திலேயே முடிவாகிவிடும்.

இனி, வகுப்புகளில் அதிகம் சொல்லித் தராத பகுதி. நீங்கள் விற்பது அந்தக் கட்டுரையைப் பயன்படுத்தும் உரிமையை. கட்டுரை எழுதி முடித்த கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையதாகிவிடுகிறது, பதிவு செய்யத் தேவையில்லை. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையை ஏற்றுள்ள 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் இதுதான் அடிப்படை. எழுதியவர் இறந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடிக்கும், பல நாடுகளில் அதற்கும் மேல். அதை மொத்தமாகவும் விற்கலாம், துண்டு துண்டாகவும் விற்கலாம். 'முதல் பிரசுர உரிமை' மட்டும் கொடுத்தால், அவர்கள் வெளியிட்ட பிறகு அதே கட்டுரையை மறுபிரசுரத்துக்கோ, மொழிபெயர்ப்புக்கோ, உங்கள் சொந்தத் தொகுப்புக்கோ நீங்கள் பயன்படுத்தலாம்.

ஆனால் கையெழுத்துக்கு வரும் தாளில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "உலகெங்கும், எல்லா மொழிகளிலும், இப்போதுள்ள மற்றும் இனி உருவாகும் எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாகவும் பிரத்தியேகமாகவும்." இதில் நான் முதலில் பார்ப்பது 'பிரத்தியேகமாக' என்ற சொல்லை. அது இருந்தால் உங்கள் கட்டுரையை நீங்களே மறுபடி விற்க முடியாது. அந்தச் சொல்லை எடுத்துவிடவோ, ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்று காலவரையறை போடவோ கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள். நாங்கள் அனுப்புவது பொதுவான படிவம், கேட்டவர்களுக்குத் திருத்திக் கொடுப்பது எங்களுக்கு வழக்கமான வேலை. அடுத்துப் பார்க்க வேண்டியது, வழக்கு ஏதும் வந்தால் செலவு முழுவதும் எழுத்தாளர் தலையில் என்ற ஷரத்து. மூன்றாவது, பணம் எப்போது: கட்டுரையை ஏற்றுக்கொண்டதுமா, வெளியான பிறகா? வெளியான பிறகு என்றால், கேட்டு வாங்கிய கட்டுரை வெளியாகாமலே போனால் ஒரு பகுதியாவது தருவார்களா? ஆங்கில இதழ்கள் இதை 'கில் ஃபீ' என்கின்றன. நீங்களாகவே எழுதி அனுப்பிய கட்டுரைக்கு அது கிடைக்காது.

வேறொரு சிக்கலும் அடிக்கடி வருகிறது. கட்டுரையை முதலில் ஃபேஸ்புக்கில் போட்டு, நண்பர்கள் பாராட்டிய தெம்பில் எங்களுக்கு அனுப்புகிறார்கள், 'வேறெங்கும் வெளியாகவில்லை' என்ற உறுதிமொழியோடு. பெரும்பாலான இதழ்களைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே வெளியான கட்டுரை. முதல் பிரசுர உரிமை அங்கேயே செலவாகிவிட்டது.

யோசனையைத் திருடிவிடுவார்களோ என்ற பயத்துக்குச் சட்டம் பெரிதாக உதவாது. பதிப்புரிமை எழுதிய வடிவத்துக்குத்தான், யோசனைக்குக் கிடையாது. பிட்ச்சில் கோணத்தைச் சொல்லுங்கள், உங்களிடம் பேச ஒப்புக்கொண்டவர்களின் தொடர்பு விவரங்களைச் சொல்லாதீர்கள். அது போதுமான பாதுகாப்பு.

இலவசப் பயணங்கள் பற்றி. சுற்றுலாத் துறையோ ஓட்டலோ அழைத்துப் போய்க் காட்டும் பயணத்துக்கு ஒத்துக்கொள்ளுமுன், எந்த இதழுக்கு எழுதப் போகிறீர்களோ அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சில இதழ்கள் ஏற்கும், சில வெளிப்படையாகக் குறிப்பிடச் சொல்லும். நியூயார்க் டைம்ஸ் போன்றவை பயணப் பக்கங்களுக்கு எழுதும் வெளி எழுத்தாளர்களும் இலவசம், சலுகை எதையும் பெறுவதை அனுமதிப்பதில்லை. ஒருமுறை ஓசியில் போய்விட்டு, அதைச் சொல்லாமல் எழுதிப் பின்னால் தெரியவந்தால், அந்த ஆசிரியரிடம் மறுபடி போய் நிற்க முடியாது.

படங்களும் சேர்த்துத்தானே விற்கிறீர்கள்? நீங்களே எடுத்த படம் என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் அதன் விளக்கலங்காரம் தனிப் படைப்பாகப் பதிப்புரிமை பெற்றது, தொழில்முறைப் பயன்பாட்டுக்குக் கோபுர நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டுரையோடு படங்களை அனுப்பும்போது ஒவ்வொன்றின் கீழும் எங்கே, எப்போது எடுத்தது, முகம் தெளிவாகத் தெரிகிறவர் சம்மதித்தாரா என்று எழுதி அனுப்புங்கள். இல்லையென்றால் பக்கம் அச்சுக்குப் போகும் இரவில் உங்களைத் தொலைபேசியில் எழுப்பிக் கேட்பேன்.