ஆற்றோர நெல்வயலைக் காயவிட வேண்டாம்

இந்தச் சம்பா நடவுக்கு முன்னால், ஒரே வாரத்தில் இரண்டு பேர் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார்கள். ஒருவருக்குச் சேலம் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் காடு. வெளியே எங்கேயோ சோதித்த அறிக்கையில் குரோமியம், நிக்கல் இரண்டும் எக்கச்சக்கமாக இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் வந்திருந்தார். இன்னொருவருக்கு உத்தமசோழபுரத்துக்குக் கீழே திருமணிமுத்தாற்றோரம் ஒன்றரை ஏக்கர் வயல். அவருக்குப் பயமே இல்லை. எவ்வளவு யூரியா போடலாம் என்று கேட்கத்தான் வந்தார். "பயிரு கருகருன்னு நிக்குதுங்க, ஒரு குறையும் இல்ல" என்றார்.

முதல் ஆளைப் பத்து நிமிடத்தில் தைரியம் சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாவது பெரியவரிடம்தான் மத்தியானம் வரைக்கும் பேச வேண்டியிருந்தது.

வெள்ளைக்கல் வெட்டும் அந்தக் கரடு டியூனைட் என்ற பாறையால் ஆனது. அந்த வகைப் பாறையிலிருந்து வந்த மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயற்கையாகவே அதிகம். உலகத்தில் எங்கே பார்த்தாலும் அப்படித்தான். ஒரு கிலோ மண்ணில் ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் அந்தக் குரோமியத்தில் பெரும்பகுதி கல்லுக்குள் கல்லாகப் பூட்டிக் கிடக்கிறது. கொஞ்சம் கரைந்து வேருக்குள் போனாலும் வேரிலேயே தங்கிவிடும், சோளக் கதிருக்கோ ராகிக் கதிருக்கோ பெரிதாக ஏறாது. நிக்கல் கொஞ்சம் நகரும். மண் புளிப்பாக, அதாவது அமிலமாக, இல்லாதவரை அதுவும் அடங்கித்தான் இருக்கும். முலாம் பூசும் பட்டறைக் கழிவில் வரும் குரோமியம் இந்தக் கணக்கில் சேராது. அது கரைந்து ஓடுகிற வகை, நஞ்சும் அதிகம்.

இனி ஆற்றோர வயலுக்கு வருகிறேன். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் மஞ்சவாடிப் பக்கம் தெளிந்த தண்ணீராகத்தான் பிறக்கிறது. சேலம் நகரத்தைக் கடக்கும்போது சாக்கடை, சாயத் தண்ணீர், பட்டறைக் கழிவு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. சாக்கடையில் தழைச்சத்து ஏராளம். பயிர் கருகருவென்று நிற்பது அதனால்தான். பச்சையைப் பார்த்து மண் சுத்தம் என்று முடிவு செய்ய முடியாது. இப்படிப்பட்ட தண்ணீர் வருடக்கணக்கில் பாய்ந்த வயலில் நான் முதலில் தேடுவது காட்மியம் என்ற நச்சு உலோகத்தை. நகைக்கடையில் கே.டி.எம். என்று சொல்கிறார்களே, பற்றவைக்கச் சேர்க்கும் அந்த உலோகம்தான். முலாம், சில மஞ்சள், சிவப்பு நிறமிகள், பழைய வகை பேட்டரிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சில பாஸ்பேட் உரங்களிலும் சிறிதளவு உண்டு.

மண்ணில் இது ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று கொஞ்சமாகத்தான் இருக்கும். கரட்டு மண்ணின் குரோமியத்தோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் நெல் வேரில் மாங்கனீசை உள்ளே விடுகிற வாசல் ஒன்று இருக்கிறது. காட்மியமும் அதே வாசலில் நுழைந்துவிடுகிறது. அங்கிருந்து தண்டு, கணு, மணி என்று ஏறும். மணியில் அளவு மீறிப் போனாலும் பயிர் வாடாது, இலை பழுக்காது. அரிசிக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம். 25 கிலோ சிப்பம் நூறு சிப்பத்தில் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு கிராம். அதைத் தாண்டிய அரிசியைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது.

உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தில் தங்கி, பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் எடுத்துக்கொள்ளும். ஜப்பானில் ஜின்சு ஆற்றோரம் துத்தநாகச் சுரங்கக் கழிவு கலந்த தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, எலும்பு நொறுங்கியது. வலி தாங்காமல் அலறியதையே நோய்க்குப் பெயராக வைத்தார்கள்: இடாய்-இடாய். அரசு 1968ல்தான் அதை மாசால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அந்த வயல்களின் மண்ணைச் சீர்செய்து முடிக்க 2012 ஆகிவிட்டது. நம் ஆறு அந்த நிலையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோறே பிரதான உணவாக இருக்கிற ஊரில் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது.

சரி, பெரியவரிடம் என்ன சொன்னேன்? அவர் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, தண்ணீர் கட்டுகிறவர். நாங்களே சொல்லிக் கொடுத்த முறைதான், நல்ல முறைதான். தண்ணீர் மிச்சமாகும், வேர் நன்றாக ஓடும். ஆனால் காட்மியம் சேர்ந்த வயலில் இது எதிராக வேலை செய்கிறது. தண்ணீர் நின்ற சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை வாடை வருமல்லவா? அது கந்தகம். காற்று புகாத சேற்றில் அந்தக் கந்தகம் காட்மியத்தைப் பிடித்துக் கரையாத பொடியாக்கி வைத்திருக்கும். வயல் காய்ந்து வெடிப்பு விட்டால் காற்று உள்ளே போகும், கட்டு அவிழும், காட்மியம் கரைந்து வேருக்குப் போய்விடும். ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சுக்கு இது நேர்மாறு, தண்ணீர் நின்றால்தான் அது கிளம்பும். அதனால் ஆர்சனிக் தொல்லை உள்ள வங்காளத்து விவசாயிக்குக் காயவிடச் சொல்வார்கள்.

அதனால் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "தூர் கட்டும்போது வேணும்னா காயவிடுங்க ஐயா. பொதி தள்ளுறதுக்கு முன்னாடியிருந்து பால் பிடிச்சு முடியிற வரைக்கும், கதிர் வர்றதுக்கு முன்னும் பின்னும் மூணு வாரம், வயல்ல தண்ணி நிக்கட்டும். ஆத்துத் தண்ணி வேண்டாம், கிணத்துத் தண்ணியாக் கட்டுங்க." கிணற்று நீரையும் சோதிக்கச் சொன்னேன். சாயப்பட்டறைக் கழிவில் உப்பு அதிகம். அந்த உப்பின் குளோரைடு காட்மியத்தைக் கூட்டிக்கொண்டு கரைசலில் திரியும், வேருக்கு வேலை சுலபமாகிவிடும்.

ஜிங்க் சல்பேட் என்ற துத்தநாக உரத்தைப் போடாமல் விடக் கூடாது. ஏக்கருக்குப் பத்து கிலோவை இருபது கிலோ காய்ந்த மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும், டி.ஏ.பி. உரத்தோடு கலக்கக் கூடாது. துத்தநாகம் குறைந்த மண்ணில் காட்மியம் இன்னும் தாராளமாக ஏறும். மண் புளித்திருந்தால் சுண்ணாம்பு போட வேண்டும். அவர் மண்ணுக்கு அது தேவைப்படவில்லை.

அவர் மண் கொண்டுவந்தது துத்தநாகம் பூசிய தகர வாளியில். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மரக்குச்சியும் பிளாஸ்டிக் வாளியும் வைத்து, பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மறுபடி எடுக்கச் சொன்னேன். மடை வாய்க்கு அருகே தனி மாதிரி, கடைமடையில் தனி மாதிரி. கழிவு முதலில் படிவது மடை வாயில்தான்; இரண்டையும் கலந்துவிட்டால் உண்மை மறைந்துபோகும்.

கூட வந்திருந்த அவர் மனைவி அதுவரை பேசவே இல்லை. கிளம்பும்போது, "எனக்கு ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்திருக்காங்க, எங்க நெல்லத்தான் சாப்பிடுறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். மாத்திரையை ஒரு நாளும் விட வேண்டாம், முடிவு தெரிகிற வரை வெளி அரிசியையும் கலந்து சமையுங்கள் என்றேன். கஞ்சி வடித்தால் போகாதா என்று கேட்டார். ஆர்சனிக் ஓரளவு போகும், காட்மியம் அவ்வளவாகப் போகாது. வாய்க்கால் ஓரத்தில் கீரைப் பாத்தி இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறதாம். மணியைவிட இலையில்தான் இது அதிகம் சேரும், முதலில் அதை நிறுத்துங்கள் என்றேன்.

மண்ணைச் சோதித்தால் பாதிதான் தெரியும், மீதியை நெல்தான் சொல்லும். தை அறுவடையில் மடை வாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கிலோ, கடைமடையிலிருந்து ஒரு கிலோ நெல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தார் ரோட்டில் காயப்போடாத நெல்லாக, களத்தில் தார்ப்பாய் விரித்து உலர்த்தியதாக. ரோட்டுப் புழுதி உமியில் ஒட்டினால், வயல் செய்ததா ரோடு செய்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.