போர் தண்ணீரும் மலாவி மீனும்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவின் போர் தண்ணீரைப் பற்றி யாரும் நல்லதாகப் பேச மாட்டார்கள். பருப்பு வேக நேரமாகும், சோப்பு நுரைக்காது, வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், பொங்கிக் கரையும். அது கால்சியம் கார்பனேட். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிச்லிட் மீன்களுக்குப் பிடித்ததும் இப்படிக் காரத்தன்மை உள்ள தண்ணீர்தான். அந்த ஏரியின் பிஎச், அதாவது அமில-கார அளவு (7க்கு மேல் போனால் காரம்), ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. ஏஞ்சல் மீனும் டிஸ்கஸ் மீனும் சிச்லிட்தான், ஆனால் அமேசான் பக்கத்து மென்னீரில் வந்தவை. அழகாக இருக்கிறதென்று இரண்டையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள்.

தொட்டியில் கார்பனேட் செய்யும் வேலை பெரிது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டர் பஞ்சில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இதில் அமிலம் உண்டாகும். அந்த அமிலத்தைக் கார்பனேட் வாங்கிக்கொள்வதால் பிஎச் சட்டென்று சரியாது.

ஆனால் இதே தண்ணீரில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அது ஐந்து பங்கு, 8.5 ஆனால் சுமார் 15 பங்கு. நான் முதல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீன் விட்டேன். நான்காம் நாள் காலையில் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலத்துக்குள் ஐந்து போய்விட்டன. பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமல், பாக்டீரியாவுக்கு அம்மோனியா கிடைக்கத் துளி உணவு மட்டும் போட்டு ஃபில்டரை ஓட விடுங்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் பிடிப்பவர்கள் குளோரினை நீக்கிவிட்டே ஊற்ற வேண்டும்.

அப்புறம் கல். பாறை இடுக்கில் வாழும் மலாவி மீன்கள் இடத்துக்காகச் சண்டை போடும். ஒன்றை ஒன்று பார்க்க முடியாதபடி குகைகள் அமைந்தால் விரட்டல் குறையும். நம் ஊர்க் கிரானைட் தண்ணீரில் கரையாது, கூர்முனை இல்லாததாக எடுத்தால் போதும். முதலில் கல்லைக் கண்ணாடித் தரையில் உட்கார வையுங்கள், பிறகு மணல் கொட்டுங்கள். மணல் மேல் வைத்தால் மீன் தோண்டித் தோண்டிக் கல் சரியும், கண்ணாடி உடையும். நாலடித் தொட்டிக்குக் குறைவாக இவற்றை வளர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

எல்லாம் சரியாக அமைந்தால் ஒரு நாள், உணவு போட்டதும் மற்றவை பாய்ந்து வர, ஒரு பெண் மீன் மட்டும் தாடை உப்பி ஓரமாக நிற்கும். வாய்க்குள் முட்டைகள். சுமார் மூன்று வாரம் அப்படியே வைத்திருந்து குஞ்சுகளை வெளியே விடும். கே.ஆர்.பி. அணைப் பக்கம் பொரித்துத் தருகிறார்களே, 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி கெண்டை, அதுவும் தன் குஞ்சை இப்படித்தான் வாயில் காக்கிறது.