இடிப்பறவையை வரையச் சொன்னால் போதுமா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். பல வருடங்களாக, இறக்கையடித்தே இடியை எழுப்பும் மாபெரும் பறவையைப் பற்றிப் பூர்வகுடிகள் சொல்லும் இடிப்பறவைக் கதையை மொழிப் பாடத்தில் வாசித்துக் காட்டி, படம் வரையச் சொல்லி, "இதே மாதிரி நீங்களும் ஒரு கதை எழுதிட்டு வாங்க" என்று வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறேன். பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி இரண்டு மாதம் கழித்து, வேறு பாடவேளையில் நடத்துவேன். கதை வெறும் கற்பனை என்று பிள்ளைகளுக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

இப்படிப்பட்ட கதைகள் வெறும் கற்பனை இல்லை என்று காட்ட இப்போது ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் மாகாணத்து வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் பச்சீனா விரிகுடா இருக்கிறது. ஓர் இரவு நிலம் குலுங்கியது, கடல் பாய்ந்து வந்தது, படகை எடுக்கக்கூட நேரமில்லாமல் கரையோர ஊரே மூழ்கியது, மேட்டில் குடியிருந்தவர்கள் மட்டும் பிழைத்தார்கள் என்று அங்குள்ள ஹூ-ஏ-அட் மக்கள் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். பசிபிக்கின் மறுகரையில், ஜப்பானில், நிலம் அதிராமலே பேரலை ஏறியதை 1700ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், 1996இல், வட அமெரிக்கக் கரையில் பூகம்பம் நடந்தது 1700 ஜனவரி 26, இரவு சுமார் 9 மணி என்று சொன்னார்கள். கதை சொல்வதும் இரவைத்தான். இதைச் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும்.

ஆனால் அறிவியல் ஒத்துக்கொண்டதால்தான் கதைக்கு மதிப்பு என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். இதே மாகாணத்தில் கிட்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்கு நடத்தினார்கள். மூத்த பெண்மணி ஒருவர் தன் குலத்தின் பாடலையே சாட்சியமாகப் பாட முன்வந்தபோது, பாட்டெல்லாம் தன் காதில் ஏறாது என்றார் நீதிபதி. 1991இல் வழக்கு தோற்றது. வாய்மொழி வரலாற்றையும் ஆவணங்களுக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொல்ல 1997 ஆனது.

அப்புறம், கதைகள் ஏன் அறுந்துபோயின என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். விருந்தினர்களைச் சாட்சியாக உட்காரவைத்து, குடும்பத்தின் வரலாற்றையும் உரிமைகளையும் சபையறியச் சொல்லிப் பரிசு கொடுக்கும் பாட்லாட்ச் சடங்கை 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டுத் தடுத்தார்கள். கேட்க வேண்டிய பிள்ளைகளையோ உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள், கனடா முழுவதும் சுமார் 1,50,000 பேரை. தாய்மொழியில் பேசினால் அங்கே அடி. பாட்டி சொல்வதைக் கேட்க வீட்டில் யார் இருந்தார்கள்? கதையும் காலனிய வரலாறும் ஒரே பாடம்தான். பிரித்தால் கதை பொழுதுபோக்காகிவிடும், வரலாற்றில் அந்த மக்கள் வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் நிற்பார்கள்.

இப்போது அந்த வீட்டுப்பாடத்தை நிறுத்திவிட்டேன். எந்த மக்களின் கதை, யார் சொன்னது என்று பலகையில் முதலில் எழுதுகிறேன். சில கதைகள் ஒரு குடும்பத்துக்கே உரியவை, சிலவற்றைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். அதனால் அனுமதி கேட்காமல் எதையும் எடுப்பதில்லை. கதை சொல்ல மூத்தவர் ஒருவரை அழைத்தால் அவருக்கான மதிப்பூதியத்தைப் பள்ளியிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை யாராவது இருந்தால், "உங்க வீட்டுக் கதை ஒண்ணு சொல்லேன்" என்று எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்த வேண்டாம்.