துணை நடிகர்: தாங்குபவரா, கூட்டத்தில் ஒருவரா?

‘துணை நடிகர்’ என்ற சொல் இன்று இரண்டு வேலை பார்க்கிறது. விருதுச் செய்தியில் அது நாயகனுக்குப் பக்கத்தில் நின்று கதையைத் தாங்குபவரைக் குறிக்கிறது. படப்பிடிப்புச் செய்தியிலோ, சந்தைக் காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்துபோகும் நாள்கூலிக் கலைஞரைக் குறிக்கிறது. இதனால், பல ஆண்டுகள் ஓடும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் வாரந்தோறும் வந்துபோகும் நடிகரை அப்படி எழுதினால், கடலூரில் ஒருவர் ஒன்றாகவும் மற்றவர் வேறாகவும் புரிந்துகொள்கிறார்.

‘துணை’யில் தாழ்வு எதுவும் கிடையாது. இணை, இரட்டை, ஒப்பு, அளவு ஆகியவையும் அதன் பொருள்களே. துணைவிழி என்றால் இரு கண்கள். ஒன்றுக்கு மற்றது கீழானதன்று. குறளில் ‘தினைத்துணை’, ‘பனைத்துணை’ (104) என வரும்போது அளவையும், இல்வாழ்வானை ‘நல்லாற்றின் நின்ற துணை’ (41) எனும்போது பிறரைத் தாங்கி நிற்பவனையும் அது குறிக்கிறது. ‘துணை நடிகர்’ என்பது ஆங்கிலத்தின் ‘சப்போர்ட்டிங் ஆக்டர்’ என்பதன் பெயர்ப்பு. அதிலுள்ள ‘சப்போர்ட்’ என்பதன் இலத்தீன் மூலத்துக்கும் கீழிருந்து சுமந்துவருதல் என்பதே பொருளாகையால், பெயர்ப்பில் குறையில்லை. துணை ஆட்சியர், துணை வட்டாட்சியர் என்று அலுவலகப் பலகைகளில் படித்துப் பழகிய கண்ணுக்குத்தான், அச்சொல் ஒரு படி கீழே இருப்பவரைக் காட்டத் தொடங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன்.

நம் மேடை இந்தப் பாகுபாட்டை வேறு விதமாகச் செய்தது. 1922இல் புதுச்சேரியில் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமான நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் ராஜபார்ட் (அரசன்), ஸ்திரீபார்ட் (பெண்), கள்ளபார்ட் (கள்வன்), பபூன் (கோமாளி) என்று ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. எல்லாம் வேடத்தின் பெயர்கள். கடலூர்ப் பக்கத்துத் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்திலும் அப்படித்தான். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்க நிற்கும் துரியோதனனை, நீர் யார், எந்த நாட்டு மன்னர் என்று, கூத்தை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியக்காரன் கேட்டால்தான் ராஜா தன் பெயரையே சொல்ல முடியும். ராஜாக்கள் வந்துபோவார்கள், கட்டியக்காரன் விடியும்வரை களத்தில் இருப்பான். துணை என்பதற்கு இதைவிடத் தெளிவான உருவம் எனக்குத் தெரியவில்லை.

விருது உலகில் துணை நடிகர் பிரிவு ஆஸ்கரில் 1936ஆம் ஆண்டுப் படங்களுக்கும், நம் தேசியத் திரைப்பட விருதில் 1984ஆம் ஆண்டுப் படங்களுக்கும் முதன்முறையாக வந்தது. தொலைக்காட்சியில் அதன் எல்லை இன்னும் நெகிழ்வானது. 1994 முதல் 2004 வரை ஓடிய அமெரிக்கத் தொடரான ‘ஃபிரண்ட்ஸ்’ஸில் ஆறு பேரும் சமமான நாயகர்கள்; ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அவர்கள் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குத் துணை நடிகர் பிரிவிலேயே தங்களை முன்வைத்தார்கள். லிசா குட்ரோ 1998இல் அப்பிரிவில் வென்றார். அதே பிரிவில் பரிந்துரைக்கப்பட்டுவந்த ஜெனிஃபர் அனிஸ்டன், 2002இல் முதன்மை நடிகை பிரிவுக்கு மாறி வென்றார். வேடம் மாறவில்லை, பிரிவுதான் மாறியது. அதே தொடரில் காப்பிக்கடைக்காரர் குந்தராக வந்த ஜேம்ஸ் மைக்கேல் டைலரை, எஸ்பிரெசோ இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் என்பதற்காகவே முதலில் பின்னணியில் நிறுத்தினார்கள். முதல் பருவம் முழுவதும் அவருக்கு ஒரு வசனமும் இல்லை. பிறகு பத்தாம் பருவம்வரை நீடித்து, ரசிகர்கள் பெயர் சொல்லி அழைக்கும் பாத்திரமானார். கூட்டத்தில் ஒருவராக நுழைந்து துணை நடிகராக உயர்ந்த அவரை விளக்க நமக்கு இரண்டு சொற்கள் தேவைப்படுகின்றன.

‘குணச்சித்திர நடிகர்’ என்று எழுதலாமே எனச் சிலர் கேட்பார்கள். அது நல்ல சொல்தான். ஆனால் அது நடிப்பின் வகையைச் சொல்கிறதே தவிர, கதையில் அவருடைய இடத்தைச் சொல்வதில்லை. ஓரிரு பகுதிகளில் தலைகாட்டுபவருக்குச் ‘சிறப்புத் தோற்றம்’ முன்பே வழக்கில் இருக்கிறது. ஆகவே கதையைத் தாங்குபவருக்குத் ‘துணை நடிகர்’ என்பதையும், தொழிலில் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் எனப்படுபவருக்குக் ‘கூட்ட நடிகர்’ என்பதையும் வைத்துக்கொள்ளலாம். வேடத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘துணைப் பாத்திரம்’ என்று வலி மிகுத்து, அதாவது ‘ப்’ சேர்த்து எழுத வேண்டும். ‘துணை நடிகர்’ என்பதில் வருமொழி மெல்லினத்தில் தொடங்குவதால் ஒற்று மிகாது.