எண்ணிம மானுடப் புலங்கள்: ஒரு சொல் விளக்கம்

'டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ் முதுகலை படிக்கப் போகிறேன்' என்று சொன்னால், அது கம்ப்யூட்டர் படிப்பா, இலக்கியப் படிப்பா என்றுதான் வீட்டில் கேட்பார்கள். இரண்டும்தான். இலக்கியம், வரலாறு, மெய்யியல், மொழியியல் போன்ற துறைகளின் கேள்விகளைக் கணினியின் துணையோடு ஆராய்வது ஒரு பாதி. கணினி நம் வாசிப்பையும் ஆவணங்களையும் என்ன செய்கிறது என்று அதே துறைகளின் கண்கொண்டு பார்ப்பது மறுபாதி.

'டிஜிட்டஸ்' என்றால் லத்தீனில் விரல். விரல்விட்டு எண்ணியதால் இலக்கத்துக்கு 'டிஜிட்' என்று பெயர் வந்தது; எல்லாவற்றையும் இலக்கங்களாக்கிக் கையாளும் கருவி டிஜிட்டல் கருவி ஆனது. 'ஹியூமானிட்டிஸ்' என்பதன் வேர் 'ஹியூமானிட்டாஸ்': மனிதத்தன்மை, பண்பட்ட கல்வி. மறுமலர்ச்சிக்கால இத்தாலியில் இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, அறவியல் ஆகிய ஐந்தையும் சேர்த்து 'ஸ்டூடியா ஹியூமானிட்டாடிஸ்' என்றார்கள். இறையியல் இந்தப் பட்டியலில் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், கணினியை இந்தப் பக்கம் அழைத்துவந்த முன்னோடி ஒரு பாதிரியார். இத்தாலிய இயேசு சபைத் துறவி ரொபெர்ட்டோ பூசா, இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸின் எழுத்துகளில் 'இன்' என்ற சின்னஞ்சிறு லத்தீன் இடைச்சொல் எப்படி வருகிறது என்று பார்க்க, கையாலேயே சுமார் 10,000 சீட்டுகள் எழுதினார். எல்லாச் சொற்களுக்கும் அப்படிச் செய்ய ஓர் ஆயுள் போதாது. 1949-இல் நியூயார்க் சென்று ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்து உதவி பெற்றார். துளையட்டைகளில் தொடங்கிய அந்த வேலை, ஏறத்தாழ 1.1 கோடி சொற்களுக்கான சொல்லடைவாக (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலாக), 56 தொகுதிகளில் 1980 வாக்கில் அச்சேறி முடிந்தது. அட்டைகளில் துளையிட்டவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்கள் பெயரை வெகுகாலம் யாரும் சொல்லவில்லை.

அப்போது இதற்கு 'ஹியூமானிட்டிஸ் கம்ப்யூட்டிங்' என்று பெயர். கணினியே முதன்மை என்ற தொனி அதில் இருந்தது. 2004-இல் பிளாக்வெல் பதிப்பகத்தின் கைந்நூல் 'டிஜிட்டல் ஹியூமானிட்டிஸ்' என்ற தலைப்போடு வந்த பிறகு புதுப்பெயர் நிலைத்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் துறைகூட 2011-இல் தன் பெயரை அப்படியே மாற்றிக்கொண்டது.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மின்னணு' எலக்ட்ரானிக்குக்கு உரியது, இங்கே பொருந்தாது. 'இலக்கமுறை' பொருளில் சரி, அடைமொழியாக ஒட்டும்போது நீளுகிறது. 'எண்ணிம' என்பது இணையத் தமிழிலும் ஈழத் தமிழிலும் ஏற்கெனவே புழங்குகிறது. 'எண்' என்பதன் மேல் நிற்பதால் பொருளும் சிதையவில்லை.

சிக்கல் இரண்டாம் சொல்லில்தான். பலர் 'டிஜிட்டல் மானுடவியல்' என்று எழுதிவிடுகிறார்கள். மானுடவியலும் மானிடவியலும், மனிதரையும் சமூகங்களையும் ஆராயும் ஆந்த்ரோபாலஜிக்குப் போய்விட்ட சொற்கள். டிஜிட்டல் ஆந்த்ரோபாலஜி என்று தனியாக ஒரு துறை வேறு இருக்கிறது. அப்படி எழுதினால் மாணவர் தவறான துறைக்கு விண்ணப்பம் போடக்கூடும்! 'கலைப்புலம்' பழகிய சொல், ஆனால் ஓவியம், இசை பக்கம் இழுக்கிறது. அதனால் 'மானுடப் புலங்கள்' என்பதே என் தேர்வு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடிப்புலம், மொழிப்புலம் என்றுதான் பிரிவுகளுக்குப் பெயர். புலம் என்றால் வயல், அறிவு இரண்டும். புலவரும் புலமையும் பக்கத்து வீட்டுச் சொற்கள். பன்மையை விட்டுவிடக் கூடாது, இது ஒரே துறை இல்லை.

பட்டத்தின் பெயரிலும் கவனம் வேண்டும். எம்.ஏ. என்றால் முதுகலை. ஜோத்பூர் ஐஐடி இதை எம்.எஸ்சி.யாக வழங்குகிறது, லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் இரண்டும் உண்டு. எம்.எஸ்சி.யை 'முதுகலை' என்று எழுதாமல் 'முது அறிவியல்' என்றோ, பொதுவாக 'முதுநிலைப் பட்டம்' என்றோ எழுதலாம்.